சாகக் கூடாதவன்

"செத்துடாதடா... செத்துடாத..." என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். திரையில் கோடாரியோடு அலைந்த முகமூடிக் கொலைகாரனுக்காகத்தான் அந்த வேண்டுதல்.

முன் இருக்கையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த தடித்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ யாரு பக்கம்? ஊர்ல பாதிப் பேரை வெட்டிட்டான் அவன்!"

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தான், குடிக்காமலே மூடினான். நகத்தைக் கடித்தான். டார்ச்சோடு வந்த தியேட்டர் ஊழியர், வழியில் நீட்டியிருந்த அவன் காலை மடக்கச் சொன்னார்.

"மடங்காது சார். சுமை தூக்குறப்ப மூட்டை விழுந்த கால்."

பக்கத்தில் மனைவி. சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டுவிட்டு நேராக வந்தவள், பாதிப் படத்தைக் கொட்டாவியிலேயே கழித்திருந்தாள்.

"முதல் பாகமே அறுவை. இதுல என்ன பெரிசா கிழிச்சிருக்கப் போறாங்க?"

"கடைசியை மட்டும் பாரு. ரெண்டு விதமா எடுத்து வச்சிருக்காங்க. எதைப் போட்டாங்களோ தெரியல."

"இவன் செத்துட்டா?"

"மறுபடியும் நீ ஒருத்தியே ரெண்டு ஷிப்ட் நிக்கணும்."

அவள் கொட்டாவியைப் பாதியில் விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தடித்தவர் காதில் இது விழுந்துவிட்டது. "பந்தயமா? பொண்டாட்டியை உழைக்க விட்டுட்டு சினிமா மேல பந்தயம் கட்டுறியே, வெக்கமா இல்ல?"

அதற்குள் திரை இருண்டது. சர்ர்... டக். சர்ர்... டக். கொலைகாரன் வருமுன் அவன் நடைச் சத்தம் வந்தது. படத்தில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். அதுவரை கிண்டலடித்துக்கொண்டிருந்த கூட்டம் அதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது.

கதாநாயகி ஒளிந்திருந்து பாய்ந்தாள். கொலைகாரனைச் செங்கல் சூளைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். விசில் பறந்தது.

"ஒழிஞ்சான்!" என்று தடித்தவர் கை தட்டினார்.

பின் இருக்கையில் அவன் தலை தொங்கிப் போனது. மனைவி அவன் முழங்காலில் கை வைத்தாள். "விடுங்க. நான் பாத்துக்கறேன். இத்தனை நாள் பாக்கலையா?"

ஆட்கள் எழுந்து சட்டையை உதறத் தொடங்கினார்கள். திரையில் சூளை புகைந்து அடங்கியது. எல்லாம் கறுப்பு.

கறுப்புக்குள்ளிருந்து... சர்ர்... டக்.

"இருக்கான்! இருக்கான்டி!" அவன் துள்ளி எழுந்தான். இத்தனை நேரம் தூங்கி வழிந்தவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தடித்தவருக்கு எரிச்சல் பொங்கியது. "அட போய்யா! அப்ப மூணாவது வேற எடுப்பானுங்களா? செத்தவன் எந்திரிச்சதுக்கு உனக்கு ஏன்யா இவ்வளவு சந்தோஷம்?"

விளக்கு எரிந்தது. அவன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான்.

சர்ர்... டக். சர்ர்... டக்.

தடித்தவரின் கையிலிருந்த பாப்கார்ன் சிதறியது. முன்னால் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அவன் வெட்கத்தோடு சிரித்தான். "பயப்படாதீங்கண்ணே. மூணாம் பாகத்துலயும் முகமூடி எனக்குத்தான்!"