தோற்றவர் வாங்கும் டீ

கல்லூரி வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை எங்களுக்குள் பிரெஞ்சில் மட்டுமே பேச வேண்டும், முதலில் தமிழுக்கு வந்துவிடுபவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று எனக்கும் வசுமதிக்கும் ஒப்பந்தம். பிரெஞ்சு வகுப்பில் வாயே திறக்காத எங்களுக்கு அந்தச் சாலைதான் வகுப்பு. எங்களிடம் இருந்த பிரெஞ்சு ரொம்பச் சின்னது. வெயில் அடிக்கிறது, பசிக்கிறது, அந்தப் பூனை கறுப்பு. அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, அழவும் வராது. அதனாலேயே அந்த வருடம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தோம். ஒரு நாள் அவள் வழியெல்லாம் எதுவும் பேசவில்லை. நிலையத்துக் கடைக்கு வந்ததும் நேராகப் போய் இரண்டு டீ சொன்னாள். "ஏம்மா, இன்னும் யாரும் தோக்கவே இல்லபோல, அதுக்குள்ள டீயா?" என்றார் எங்கள் ஒப்பந்தம் தெரிந்த கடைக்காரர். "இன்னைக்கு நான்தாண்ணே தோக்கப்போறேன்" என்றாள். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து எதையோ சொல்ல மூச்சை இழுத்தாள். நான் முந்திக்கொண்டு, இன்று நல்ல வெயில் என்று பிரெஞ்சில் சொன்னேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இழுத்த மூச்சை அவள் விட்டாள். பிறகு துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆமாம், நல்ல வெயில் என்றாள், பிரெஞ்சிலேயே.