சந்திரகலாவை உள்ளே விடு

தேர்வு மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டின் நடுவில் சந்திரகலாவை நிற்க வைத்திருந்தார்கள்.

உட்காரக் கூடாது என்று டேரன் சொல்லியிருந்தான். நின்றால்தான் படத்தில் தெரியுமாம்.

பூச்சோங்கில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் அன்று அவளுக்குக் கடைசித் தாள். எழுதிவிட்டால் ஃபார்மசி படிப்பு முடிந்தது. கிள்ளானில் வேலை கூடப் பேசி வைத்தாயிற்று. எழுதாமல் போனால், அந்தத் தாள் மறுபடி வர ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

படிப்பின் நடுவில் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். தொழிற்சாலை பஸ் ஓட்டும் அவள் அப்பா பழைய கட்டணத்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டி வந்தார். கூடுதலைக் கட்டாதவர்களுக்குத் தேர்வு கிடையாது என்று அறிவிப்பு வந்தபோது நிறைய பேர் மாட்டிக்கொண்டார்கள். இறுதியாண்டில் மாட்டியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் தேர்வு அடுத்த வாரம்.

அறிவிப்பு வந்ததுமே மாணவர் மன்றத் தலைவன் டேரன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

யார் அழுதாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவன். தனித்தனியாகப் போய் நிர்வாகத்திடம் கெஞ்சினால் நம்மைப் பிரித்துவிடுவார்கள், எதுவானாலும் மன்றத்தின் வழியாகவே பேசுவோம் என்று கூட்டத்தில் சொன்னான். முதலில் கை தூக்கியவள் சந்திரகலா.

அதன்பிறகு எல்லா பேனரிலும் அவள் முகம்தான்.

அப்பா பயந்துபோனார். டேரன் வீட்டுக்கே வந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். கிளம்பும்போது அப்பா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகளை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

இப்போது படிகள் கொள்ளாத கூட்டம். சந்திரகலாவை உள்ளே விடு, உள்ளே விடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெயர் கூடத் தெரியாத முதலாண்டுப் பிள்ளைகள் அவளுக்காக வெயிலில் நின்றார்கள். அவளுக்குக் கண் கலங்கியது.

கதவுப் பக்கம் போய் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா என்று காலையிலேயே டேரனிடம் கேட்டிருந்தாள். வேண்டாம், எல்லார் முன்னாடியும் விரட்டிவிட்டால் அவளுக்குத்தான் அவமானம் என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது.

வகுப்புத் தோழர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒருத்தி மட்டும் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. சந்திரகலாவின் கால் தானாக ஒரு படி ஏறியது.

டேரன் அவள் முழங்கையைப் பிடித்தான். மெதுவாகத்தான். அவன் கண்ணிலும் நீர் இருந்தது.

காவலாளி கதவைச் சாத்தினான். தாமதமாக வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் உண்டு. அதுவும் கழிந்தது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

முகம் கழுவ, கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குப் போனாள். கட்டணக் கவுண்டரில் வேலை செய்யும் சாந்தமேரி ஆன்டி அந்த வழியாக வந்தவர், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, நீ எழுதப் போகலையா? உன்னை உள்ள விடச் சொல்லி நேத்து சாயங்காலமே மேல இருந்து சொல்லிட்டாங்களே. டேரனுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன் லா."

பேனர் படங்கள் நிர்வாகத்தை உறுத்தியிருக்கின்றன. அவள் ஒருத்திக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மன்றத்தின் வழியாகத்தான் என்று மன்றமே சொல்லியிருந்ததால் தலைவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டி இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

சந்திரகலா குழாயை மூடவில்லை.

திரும்பி வந்து டேரனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் உள்ளே போயிருந்தால் இத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், அடுத்த வாரம் மாட்டப்போகிற பிள்ளைகளுக்காக ஒருத்தனும் வந்து நிற்கமாட்டான், நிர்வாகம் கணக்குப் போட்டதே அப்படித்தான் என்றான். பாடம் நடத்துகிறவனைப் போல நிதானமாகச் சொன்னான். அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வருஷம்தானே கலா. எப்படியும் இங்கதான் இருக்கப் போற. மன்றத் தேர்தல்ல நில்லு, கண்டிப்பா ஜெயிப்ப."

அதற்குள் செய்திக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. மைக்கை நீட்டிய பெண், இன்று உங்களைத் தேர்வு எழுத விடாமல் செய்தது யார் என்று கேட்டாள்.

கூட்டம் மொத்தமாக அடங்கியது.

முன்வரிசையில் முதலாண்டு மாணவி ஒருத்தி, காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் போய், சந்திரகலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் இதே கதவு அவளுக்கும் சாத்தப்படலாம்.

டேரன் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. கீழே சரிந்திருந்த ஒரு பேனரை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்வாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நிர்வாகம்" என்றாள் சந்திரகலா.

சத்தம் பதியவில்லை என்றார் கேமராக்காரர். இன்னொரு தடவை, முகத்தை நிமிர்த்திச் சொல்லச் சொன்னார்.

முகத்தை நிமிர்த்திச் சொன்னாள்.