பவுலின் பிடித்த ஹேண்டில்பார்

கல்குவாரி வெடியில் சேசுராசுக்குக் கண் போனது. அதன்பிறகு அவருடைய சைக்கிள் சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. மனைவி பவுலினுக்கு ஒரு கால் சூம்பியிருந்ததால் மிதிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் போகவேண்டிய நேரத்தில், அவள் சைக்கிளின் முன்கம்பியில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மிதிங்க. திருப்புறத நான் பாத்துக்கறேன்.”

“எவனையும் ஏண்டில்பாரத் தொட விட்டதில்ல நானு,” என்றார் சேசுராசு.

“அப்பக் கண்ணு இருந்துச்சு.”

அவர் காலால் பெடலைத் தேடினார். சந்து முடிவதற்குள் இரண்டு முறை விழுந்தார்கள். பிறகு அவள் “பள்ளம்” என்றால் அவர் மெதுவாக மிதித்தார், “மேடு” என்றால் அழுத்தினார். கோயில் தெருவில் ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

“சேசு, வண்டிய யாருப்பா ஓட்டுறது?” என்று ஒருவர் கேட்டார்.

“எம் பொண்டாட்டி,” என்றார், தெருவே கேட்கும்படி.

பவுலின் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கோயில் வாசல் வந்தது. அவள் ஹேண்டில்பாரைத் திருப்பவில்லை.

“கோயில் இன்னும் வரலையா?”

“தாண்டியாச்சு.”

முன்னால் பெரிய ரோடு நேராகக் கிடந்தது. சேசுராசு இன்னும் வேகமாக மிதித்தார்.