தெருவே மணக்கிறது

ஆழ்வார்பேட்டை மாடியில் எங்கள் ஆய்வகக் கதவைத் திறந்ததும் புளூபெரி வாசனை முகத்தில் வந்து மோதுகிறது. ஓடிப்போய் டிரையரைப் பார்க்கிறேன். பழம் உலர்த்தும் அந்த மெஷினின் சிவப்பு எண் எண்பது டிகிரி என்கிறது. நேற்று நான் வைத்துவிட்டுப் போனது நாற்பத்தைந்து. "இன்னா ஜொவிட்டா, வாசனை தூக்குதுல்ல? மத்தியானம் ருசி பாக்க ஆளுங்க வர்றாங்களேன்னு நான்தான் சூட்டை ஏத்தி உட்டேன்" என்று மெஷின் பார்க்கும் லாய்ட் அண்ணன் சிரிக்கிறார். ஆய்வகத் தலைவர் விசாலாக்ஷி மேடம் டிரையரிலிருந்து ஒரு கிண்ணம் பழத்தை அள்ளிப் பிள்ளையார் படத்தின் முன் வைக்கிறார். "முதல் ஈடு. நைவேத்யம் ஆகாம யாரும் வாயில போடப்படாது. வாசனையே சொல்றதே, பிரமாதம்!" என்றபடி என் பெயரில் போகும் முதல் அறிக்கையில் 'மணம்: மிக நன்று' என்று எழுதுகிறார். மூன்று மாத உழைப்பு. விமானத்தில் வந்த புளூபெரியில் மிச்சமிருந்த கடைசி இரண்டு கிலோ. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் நான், மரியாதை தெரியாதவள் என்றே சொல்லிக்கொள்ளட்டும். படத்தின் முன்னாலிருந்தே ஒன்றை எடுத்துக் கடிக்கிறேன். தோல் ரப்பராக இழுபடுகிறது. இனிப்பு இருக்கிறது, புளூபெரி இல்லை. "ரூம்ல இவ்ளோ மணக்குதுன்னா பழத்துல ஒண்ணுமில்லன்னு அர்த்தம் மேடம்! மொத்தமும் வெளிய வந்துடுச்சு." மேடத்தின் கையில் பூஜை மணி பாதியில் நின்றுவிடுகிறது. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன், இனி எதைப் பிடித்து வைக்க என்று தெரியாமலே. கீழே இஸ்திரி வண்டிக்காரர் தலையைத் தூக்கிக் கத்துகிறார்: "இன்னாம்மா செய்றீங்க மேல? தெருவே மணக்குது!"