இடுப்பு நாற்பது

ஜிம்மில் சேர்ந்து மூன்றே நாளான ஆபீஸ் கிளார்க் ஒருவர், மூச்சு வாங்க ஒரு புரோட்டீன் பவுடர் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை ஒரு டப்பா, பவுடர் ஒரு பெரிய டப்பா குடுங்க."

அந்தம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை நடுவில் நின்றது.

"இடுப்பு நாற்பதா?"

"எப்படி மேடம் கரெக்டா சொல்றீங்க?"

"பழக்கம்தான். காலையில என்ன சாப்பிடறீங்க?"

"காபி, மூணு பன்."

"பன்னை விட்டுட்டு ரெண்டு முட்டை சாப்பிடுங்க. மத்தியானம் சோத்தைப் பாதியாக்கிட்டு, பருப்பும் காயும் நிறைய போட்டுக்கோங்க. ஜிம்மை மட்டும் விட்டுடாதீங்க. இந்த மாத்திரை, பவுடர் எதுவும் உங்களுக்கு வேணாம்."

கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. "கடையில உக்காந்துக்கிட்டு வாங்காதேன்னு சொல்ற ஆளை இப்பதான் மேடம் பார்க்கிறேன்."

துள்ளாத குறையாக வெளியே போனார்.

சற்று நேரத்தில் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். "ரொம்ப நன்றிக்கா. யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தார். விசாரிச்சுட்டுப் போயிட்டார்."

"நீங்க பாத்துக்கிற நேரத்துல மட்டும் ஒரு டப்பாகூட விக்க மாட்டேங்குதே, அது ஏங்க்கா?"

"எனக்கென்ன தெரியும்" என்றபடி அக்கா எழுந்து, பக்கத்திலிருந்த தன் கடைக்குப் போய்த் தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். முட்டைக்கு மாறியவர்களின் பேன்ட்டுகள், இடுப்பைப் பிடித்துத் தைப்பதற்காக அங்கே குவிந்து கிடந்தன.

பவுடர் வாங்கிப் போனவர் ஒருவர்கூட இதுவரை அவரிடம் வந்ததில்லை.