மேகலா எடுத்த வீடியோ

பந்தயக் கோப்பையை அவன் உயர்த்திப் பிடித்தான்.

கைதட்டல் வந்தது. மேடைக்குக் கீழே நின்ற அவனுடைய மெக்கானிக்குகளிடமிருந்து மட்டும்.

கூட்டம் திரும்பி நின்றிருந்தது. மேடையிலிருந்து பார்க்க முதுகுகள்தான் தெரிந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் சாம்ராஜ் நடந்து வந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் இவனை முந்தப் பார்த்து, வளைவில் தடம் விலகி, மணலில் புதைந்து நின்றவன். கார் இன்னும் அங்கேயே கிடந்தது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லேசாக நொண்டியபடி வந்தான்.

சாம், சாம் என்று கத்திக்கொண்டே கூட்டமும் வேலியோரமாக அவனோடு நகர்ந்தது.

இந்த ஆண்டு சாம்ராஜ் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை.

இவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

சாம்ராஜ் அழகா என்றால், அதுவும் இல்லை. பேச்சா என்றால், மைக்கை நீட்டினாலே அவனுக்குத் திக்கும்.

ஒருமுறை சாம்ராஜ் கையுறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினான். அதற்கு அடிதடியே நடந்தது. அடுத்த பந்தயத்தில் ஜெயித்ததும் இவனும் வீசினான். தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, ஒரு பெரியவர் வேலிவரை வந்து பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரிடம் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

மாலையில் மனைவி மேகலாவோடு வேலூருக்குக் கிளம்பினான். வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பந்தயத்தை வீடியோ எடுத்தாயா என்று அவளிடம் கேட்டான். முழுசாக எடுத்திருப்பதாகச் சொல்லிப் போனை நீட்டினாள்.

முதலில் அவன் கார்தான் இருந்தது. பின்னால் சாம்ராஜின் கார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பின்னால் நகர்ந்தது.

கடைசிச் சுற்றில் அவன் கார் படத்தில் இல்லை. சாம்ராஜ் மட்டும் வந்தான். வேகம் குறைக்காமல் வளைவின் உள்பக்கத்தை உரசியபடி நுழைந்தான். ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. போன் ஆடியது.

'ஐயோ' என்று ஒரு மெல்லிய குரல்.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும்.

பிறகு புழுதி. எங்கிருந்தோ ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. எல்லைக்கோட்டை அவன் தாண்டியது அப்போதுதான். படத்தில் புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

அவன் முகத்தைக் கவனித்த மேகலா டீயை ஊதினாள்.

"அந்தப் பையனுக்கு என்ன ஆயிடுமோன்னு பயந்துட்டேன். உங்களப் பாத்து நான் ஒரு நாளும் பயந்ததே இல்லங்க."

பாராட்டாகத்தான் சொன்னாள்.

காரில் ஏறியதும் தூங்கிப்போனாள். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

நூறு.

அவள் அசையவில்லை.

நூற்றிருபது. ஒரு பஸ்ஸை இடதுபக்கமாக ஒட்டி முந்தினான். பஸ்காரர் நீளமாக ஹாரன் அடித்துத் திட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

அவள் அசையவில்லை.

மணலில் புதைந்து நின்றவனுக்காகப் பதறிய அந்தக் குரல் ஒரே ஒருமுறை தனக்காக வந்தால் போதும் என்றிருந்தது.

இன்னும் அழுத்தினான்.

முன்னால் போன லாரி, சிக்னல் போடாமல் அவன் பக்கம் வந்தது.

பிரேக்கை மிதித்தான். டயர்கள் கிறீச்சிட்டன. மேகலா முன்னால் வந்து, பெல்ட் இழுக்க, மறுபடி சீட்டில் சாய்ந்தாள். லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க நிறைந்து, மெல்ல விலகிப் போனது.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். லாரியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவன் பயத்தைத் தேடினான்.

"வந்துட்டோமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டாள்.