இரும்பனின் இடது கை

ஆர்த்தி நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு ஹோட்டல். எங்களுக்கு விழுப்புரம், அவர்களுக்கு ஒலக்கூர். முதல் தடவையே வீட்டுக்குப் போனால் தெரு முழுக்கச் சேர்ந்து பெண் பார்க்கும் என்று இப்படி வழியில் வைத்துக்கொண்டோம். நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் வந்திருந்ததால் அப்பா வரவில்லை.

அம்மாவும் ஆர்த்தியின் அப்பா கண்ணையனும் அடுத்த மேஜைக்குத் தள்ளிப் போய்விட்டார்கள். நாங்கள் தனியாகப் பேசுகிறோமாம். அம்மாவின் காது மட்டும் எங்கள் மேஜையிலேயே இருந்தது.

அந்த வாக்கியமும் அம்மா கொடுத்ததுதான். காரில் வரும்போதே சொல்லிவிட்டாள்.

“பொண்ணு ஸ்கூல்ல கம்பு சுத்தக் கத்துக்குடுத்துக்கினு இருக்குதாம். கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வாணாம்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா மாமியாக்காரி இப்பவே ஆரம்பிச்சிட்டான்னுவாங்க.”

கம்பை விடச் சொன்ன ஒரு மாப்பிள்ளையை இந்தப் பெண் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறாள். தரகர் அதையும் சொல்லியிருந்தார். சொல்கிற விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்பது அம்மாவின் கணக்கு.

நானும் தலையாட்டிவிட்டேன். சிலம்பத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. ஒரு வருஷமாகப் போனில் கம்புச் சண்டை கேம் ஆடுகிறவன் நான்.

என் ஆள் இரும்பன். ஆறடி உயரம், கடா மீசை, மேல்சட்டை என்ற பேச்சே கிடையாது. அவனை வைத்துக்கொண்டு எங்கள் டிராக்டர் ஷோரூமில் ஒருத்தனையும் நான் விட்டுவைத்ததில்லை.

ஜெயித்ததும் இரும்பன் ஒன்று செய்வான். வலது கையில் கம்பு இருக்கும். இடது புறங்கையால் தோளில் எதையோ தட்டிப் பின்னால் தள்ளுவான். கூடவே தலையை லேசாக ஒரு வெட்டு வெட்டுவான்.

தோளில் ஒன்றுமே இருக்காது. துண்டைத் தள்ளுகிறான் என்பார்கள் சிலர். எதிரியைத் தூசாகத் தட்டுகிறான் என்பார்கள் சிலர். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களும் உண்டு.

நான் தூசுக் கட்சி. ஒரு டிராக்டர் விற்றால்கூட ஷோரூம் நடுவில் நின்று அப்படித்தான் தட்டுவேன். அன்றைக்கும் அவர்கள் வந்த பஸ் தாமதமானதால் ஒரு ஆட்டம் ஆடினேன், ஜெயித்தேன், தட்டினேன். தண்ணீர் வைக்க வந்த சர்வர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“ஏதோ சொல்ல வந்தீங்க போல” என்றாள் ஆர்த்தி.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“இல்ல, இந்த சிலம்பம்…”

அவள் பிய்ப்பதை நிறுத்தினாள். மீதி வாக்கியம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. கோபம்கூட இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கிறவள் போல இருந்தாள்.

குனிந்திருந்தவளின் சடை தோள் வழியாகச் சரிந்து சாம்பார்க் கிண்ணத்தைத் தொடப் பார்த்தது. வலது கை முழுக்க நெய்யும் சட்னியும். இடது புறங்கையால் சடையைத் தட்டிப் பின்னால் தள்ளினாள். கூடவே தலையை லேசாக ஒரு வெட்டு.

எனக்கு வாக்கியம் மறந்துபோனது.

இன்னொரு தடவை அப்படிப் பண்ணுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது? போனை எடுத்தேன். இரும்பனைத் திறந்து, மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவன் தட்டினான், தள்ளினான், தலையை வெட்டினான்.

ஆர்த்தி பார்த்தாள். திரும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள்.

“பாண்டியில ஒரு கம்பெனி, கேமுக்குன்னு கூப்புட்டாங்க. நான் அசையறதை அப்படியே கேம்ல வர்ற ஆளுக்குப் போடணும்னு உடம்பெல்லாம் உருண்டை உருண்டையா ஒட்டிக் கம்பு சுத்த விட்டாங்க. சடை வந்து முன்னால விழுந்துக்கினே இருந்துச்சு. அதைத் தள்ளிவிட்டதையும் சேத்துப் புடிச்சுட்டாங்க போல.”

போனை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

“மீசை மட்டும் என்னுது இல்லீங்க.”

சிரித்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது. ஷோரூமில் அத்தனை பேர் முன்னால் நான் தட்டிவிட்டது தூசு இல்லை, சடை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வருஷமாக நான் அடித்த அடியெல்லாம் இவள் அடித்தது. என் பங்கு இரண்டு கட்டைவிரல். அந்தக் கட்டைவிரல்களோடு வந்து இவளைக் கம்பைக் கீழே போடச் சொல்லப் பார்த்தேன்.

ஆர்த்தி மறுபடி தோசையைத் தொடவில்லை. நான் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நிற்பதை அவள் மறக்கவில்லை.

கை கழுவப் போகிற சாக்கில் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். காதோரம் குனிந்தாள்.

“சொல்லிட்டியாடா?”

ஆர்த்திக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“என்னைப் புடிச்சிருக்கான்னு அவங்கதாம்மா சொல்லணும்.”